கடைசி நிறுத்தத்து நீலம்

மிலானில் பிப்ரவரி.
நூல் ஆலையாக இருந்த கொட்டகையில்
நேற்று முப்பத்தொரு முகங்களுக்கு
நீலம் தீட்டினோம்.
இமையில் கிளம்பி, புருவத்தை விழுங்கி,
பொட்டெலும்பைத் தாண்டிக் காதுமடலில் போய் நிற்கும் நீலம்.
புருவம் இருந்த சுவடே தெரியக் கூடாது,
அது மேலிடத்து உத்தரவு.
சோப்பைக் குழைத்து மயிரைப் படியவைத்து
மேலே மெழுகு,
மெழுகின் மேல் பவுடர்,
பவுடரின் மேல் மறுபடி நீலம்.
ஒரு முகத்துக்கு ஐம்பது நிமிடம்.
மேடையில் அது நடந்தது
நாற்பது நொடி.

பிறகு எண்ணெயும் பஞ்சுமாய்
பதினோரு முகங்களை நானே துடைத்தேன்.
குப்பைப் பையைக் கட்டி நிமிர்ந்தபோது
முழங்கைவரை எனக்கு நீலம்.

லிஃப்டில் மூன்றாம் மாடி எர்சீலியா
அந்த முழங்கையைப் பார்த்தாள்.
டிராம் ஓட்டுகிறாள். ஐம்பத்திரண்டு வயது.
விடியுமுன் கிளம்பும் முதல் வண்டி அவளுடையது.
"இதில் எனக்குக் கொஞ்சம் வேண்டும்" என்றாள்,
பாலாடைக்கட்டிக் கடையில்
துண்டைச் சுட்டிக் கேட்பதுபோல.

என் சமையலறை. குழல்விளக்கு.
மேடைப் படத்தைக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தாள்.
"இந்தப் பெண் எதையும் ஓட்டுவதில்லை, இல்லையா?"

முதலில் போனது காதுவரை போன வால்.
அடுத்து புருவம்:
"அதை விட்டுவிடு, வேலைக்கு வேண்டும்.
தண்டவாளத்தில் சைக்கிளைக் குறுக்கே விடுகிறவனை
வேறு எதை வைத்து நான் திட்டுவது?"
கீழிமையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன்.
தூங்காதவள்போல் இருக்கிறது என்றாள்.
தூங்காதவள்தானே என்றேன்.
அழி என்றாள்.

மிச்சம் மேலிமை மட்டும்.
பத்தொன்பது வயது இமைகள்
பிரிக்காத காகிதம்; நிறம் வழுக்கிக்கொண்டு போகும்.
இவளுடையதோ பலமுறை மடித்த ரசீது.
பவுடர் போட்டால் மடிப்பில் போய் உட்காரும்.
தூரிகையை ஓரமாய் வைத்துவிட்டு
உளுந்தளவு களிம்பெடுத்து
மோதிர விரலால் ஒற்றினேன்.
மினுமினுப்பு கூடாதாம்,
ஏழரை மணிச் சூரியன்
முகப்புக் கண்ணாடியில் போதுமான அளவு மினுங்குகிறதாம்.

"இப்போது திற."

திறந்தாள்.
நீலம் காணோம்.

தொங்கிய இமை அதை முழுசாய் வாங்கி
உள்ளே வைத்துக்கொண்டது.
பன்னிரண்டு வருட அனுபவம் எனக்கு,
பள்ளிப் பிள்ளைபோல் காது சூடாயிற்று.
மடிப்புக்கு மேலே ஏற்றிப் போடுகிறேன்,
திறந்தாலும் தெரியும், ஒரு நிமிடம் என்றேன்.

கைக்கண்ணாடியில்
ஒரு கண்ணை மூடினாள்.
மற்றதை மூடினாள்.
எதைப் பார்த்தாளோ, சிரித்தாள்.
"வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்."

மறுநாள்
அவள் வண்டியிலேயே ஏறினேன், டிக்கெட் எடுத்து.
தொழில் சந்தேகம், வேறொன்றுமில்லை.
மருத்துவமனைச் செவிலிகள் இருவர்,
காய்கறிச் சந்தைக்குப் போகும் பெருவியர்கள்,
ஜன்னலில் நெற்றி முட்டத் தூங்கிய ஒரு பையன்.
யாரும் ஓட்டுநரைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும்
சீருடை, புருவம், சாலையை விட்டு விலகாத இரண்டு கண்கள்.
சைக்கிள்காரன் ஒருவன் வந்தான்.
புருவம் தன் வேலையைச் செய்தது.

கடைசி நிறுத்தம்.
எல்லோரும் இறங்கினார்கள்.
திரும்பிக் கிளம்ப அவளுக்கு நான்கு நிமிடம்.
கதவுகளைத் திறந்தே விட்டு
தலையைப் பின்னால் சாய்த்து
கண்களை மூடினாள்.

இருந்தது. இரண்டும் இருந்தன.
தெருவிளக்கின் மஞ்சளில்
சற்றே பச்சையோடிய நீலம்.

நான் வெளியே
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
குளிரில் கையைக் கக்கத்தில் வைத்து நின்றேன்.
இடது இமையில் ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது நிறம்.
தட்டிக் கூப்பிட்டுச் சரிசெய்ய
விரல் ஒருமுறை எழுந்தது.

இன்னும் மூன்று நிமிடம் இருந்தது அவளுக்கு.